‘ஓய்வு’ என்னும் பிழைச்சொல்: நுண்கிளியாவின் உறக்கமும் விழிப்பும்

பெங்களூரின் ஸ்ரீராம்புரம் நெடுங்காலம் மில் தொழிலாளர்களின் குடியிருப்பாக இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பஞ்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்த தமிழ்த் தொழிலாளர்கள், ஊர் விழித்திருக்கும் பகலில் உறங்கினர். விழிப்பு வேலை, உறக்கம் ஓய்வு என்பதே பொதுவழக்கு. மூளையின் எதிர்ப்பாற்றல் செல்களை ஆராய்ந்த அறிவியலும் ‘ஓய்வு’ என்னும் இச்சொல்லை ஒரு நூற்றாண்டுக் காலம் சுமந்தது. அச்சொல் உண்மையை எவ்வாறு மறைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் 1913இல், நரம்பணுவும் அல்லாத, ஆஸ்ட்ரோசைட்டும் அல்லாத சில செல்களை ‘மூன்றாம் கூறு’ என்றழைத்தார். 1919இல் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிக் கார்பனேட் சாயத்தின் துணையால் அக்கூறைப் பிரித்தறிந்து, அதன் ஒரு பகுதிக்கு ‘மைக்ரோகிளியா’ எனப் பெயரிட்டார். தமிழில் இதனை நுண்கிளியா எனலாம். காயமுற்ற மூளையில் அவை கிளைகளை உள்ளிழுத்து, உருண்டு, சிதைவுகளை விழுங்குவதை அவர் விவரித்தார். நலமான மூளையில் கிளை பரப்பி நின்ற வடிவம் ‘ஓய்வுநிலை’ எனப்பட்டது. அவர் கண்டது பதப்படுத்தப்பட்ட இறந்த திசு. இறந்த திசுவில் எல்லாமே அசைவற்றிருக்கும். சாயம் காட்டிய அசைவின்மையைச் சொல் செல்லின் இயல்பாக்கிவிட்டது.

2005இல் இப்பிழை வெளிப்பட்டது. நிம்மர்யான், கிர்ஹோஃப், ஹெல்ம்சென் ஆகியோர், நுண்கிளியா ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளின் மண்டையோட்டை மெலிதாக்கி, இரு ஃபோட்டான் நுண்ணோக்கியால் உயிருள்ள மூளையை நோக்கினர். செல்லின் உடல் நிலைத்திருக்க, கிளைகள் இடையறாது நீண்டும் சுருங்கியும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளைத்திசு முழுவதையும் துழாவின. ‘ஓய்வு’ எனப்பட்டது உண்மையில் ஓயாத காவல்.

ஆயினும் அந்த எலிகள் மயக்க மருந்தில் கிடந்தவை. விழித்த மூளையில் நிகழ்வது என்ன? 2019இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும் மேயோ கிளினிக் குழுவும் தனித்தனியே விடை கண்டன. விழிப்பில் நார்அட்ரினலின் சுரந்து, நுண்கிளியாவின் பீட்டா-2 ஏற்பிகள் வழியாகக் கிளைகளின் துழாவலை அடக்குகிறது. மயக்கத்தில் அந்தத் தளை தளர, கிளைகள் மேலும் பரவுகின்றன. மூளை ஓய்வதாகத் தோன்றும் வேளையில் காவல் விரிவடைகிறது.

மயக்கத்தை இயற்கையான உறக்கத்தோடு ஒன்றாகக் கொள்ளுதல் இன்னொரு பிழையாகும். உறங்கும் எலிகளையே நோக்கிய 2022ஆம் ஆண்டின் ஆய்வொன்று, நரம்பணுக்களின் செயல்பாடு நுண்கிளியாவின் அசைவின் மீது செலுத்தும் கட்டுப்பாடு உறக்கத்தில் குறைவதைக் காட்டியது. இரண்டும் ஒரே நிலையல்ல.

நார்அட்ரினலினுக்கும் உறக்கத்துக்குமான உறவில் இந்திய ஆய்வுக்கும் பங்குண்டு. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பீரேந்திரநாத் மல்லிக், கனவுறக்கம் பறிக்கப்பட்டால் மூளையில் நார்அட்ரினலின் மிகுவதை நெடுங்காலம் ஆராய்ந்தார். அவரது ஆய்வுப்பொருள் நுண்கிளியா அன்று. எனினும் அதே வேதிப்பொருளே பின்னர் நுண்கிளியாவின் கடிவாளம் எனத் தெரிந்தது. 2017இல் பெல்லேசி குழுவினர், நாள்கணக்கில் உறக்கம் குறைக்கப்பட்ட எலிகளின் மூளைப்புறணியில் நுண்கிளியா கிளர்ச்சி நிலைக்குச் செல்வதைக் கண்டனர். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. பெங்களூர் நிம்ஹான்ஸின் மூளை வங்கி போன்றவை காப்பதும் இறந்தோரின் திசுவே; அதில் இவ்வசைவைக் காண வழியில்லை. ஆனால், தலைமுறைக்கணக்கில் உறக்கத்தைக் கூலிக்கு ஈடாகக் கொடுத்த ஸ்ரீராம்புரங்களுக்கு இக்கேள்வி ஆய்வகத்தோடு முடிந்துவிடுவதன்று.

2022இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, ‘ஓய்வு’, ‘கிளர்ச்சி’ என்னும் இருமைப் பெயர்களைக் கைவிடுமாறு பரிந்துரைத்தனர். தமிழில் இத்துறைக்கான கலைச்சொற்கள் இப்போதுதான் உருவாகி வருகின்றன. ‘ஓய்வுநிலை நுண்கிளியா’ என மொழிபெயர்த்தால், அறிவியல் கைவிட்ட பிழையைத் தமிழ் புதிதாக ஏற்கும். ‘காவல்நிலை நுண்கிளியா’ என்பதே பொருந்தும். உறங்குபவர் சும்மா இருப்பவர் அல்லர் என்னும் தெளிவும் அச்சொல்லில் அடங்கும்.