மலையகப் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்க எந்த லென்ஸ் பொருத்தமானது?

இலங்கையின் மத்திய மலைநாடு தேயிலைக்கு மாத்திரமன்றி அரிய உயிரினங்களுக்கும் பெயர்பெற்ற நிலமாகும். ஹோர்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகில் வேறெங்கும் காணப்படாத பறவைகள் சில நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டத்து லயங்களுக்கு அருகிலேயே வாழ்கின்றன. அவற்றைப் படம்பிடிப்பதற்காகக் கடல்கடந்து பலர் வருகின்றனர். அண்மைக் காலமாக மலையகத்து இளைஞர்களும் யுவதிகளும் கமராவைக் கையிலெடுத்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால், டெலி லென்ஸ் ஒன்றை வாங்க முற்படும்போது அவர்கள் பெரும் குழப்பத்துக்கு உள்ளாகின்றனர். விலையுயர்ந்த பொருள் என்பதால் தவறான தெரிவு ஒன்று குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்ததன் விளைவாக இறக்குமதிப் பொருட்களின் விலைகள் வெகுவாக உயர்ந்த நிலையில், இவ்விடயத்தைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

எதை, எங்கே, எவ்வளவு தூரத்தில்?

கடைக்குச் செல்வதற்கு முன்னர் விடைகாண வேண்டிய வினா இதுவே. லென்ஸின் குவியத்தூரம் மில்லிமீற்றரில் குறிக்கப்படுகின்றது. அது கூடக்கூடத் தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். பாடசாலையில் கற்ற எளிய கணக்கே இங்கு போதுமானது. பொருளின் நீளத்தைக் குவியத்தூரத்தால் பெருக்கி, பொருளுக்கும் நமக்கும் இடையிலான தூரத்தால் வகுத்தால், கமராவின் உணரியில் விழும் விம்பத்தின் அளவு ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவை எடுத்துக்கொள்வோம். மாரிகாலத்தில் காஷ்மீரிலிருந்து அங்கு வந்து தங்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் சுமார் 13 சென்ரிமீற்றர் நீளமுள்ள சிறு குருவி. அது 10 மீற்றர் தூரத்தில் இருக்குமாயின் 200 மில்லிமீற்றர் லென்ஸில் அதன் விம்பம் 2.6 மில்லிமீற்றர் மாத்திரமே. 400 இல் அது 5.2 ஆகவும், 600 இல் 7.8 ஆகவும் அமையும். முழு உணரியின் அகலம் 36 மில்லிமீற்றர் என்பதால், 600 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தும் அக்குருவி படத்தின் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தையே நிரப்பும். சிறு பறவைகளுக்கு எவ்வளவு நீளமான லென்ஸும் போதாது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

மறுபுறம், ஹோர்டன் சமவெளியின் புல்வெளியில் மேயும் மரையின் நிலை வேறு. இரண்டு மீற்றர் நீளமுள்ள மரையொன்று 40 மீற்றர் தூரத்தில் நின்றால் 400 மில்லிமீற்றர் லென்ஸில் அதன் விம்பம் 20 மில்லிமீற்றர் வரை வந்துவிடும். மனிதருக்குப் பழகிய மரைகள் பாதையோரம்வரை வருவதும் உண்டு. அவ்வேளைகளில் 200 மில்லிமீற்றரே தாராளமாகப் போதுமானது. ஹக்கல தாவரவியல் பூங்காவின் மரங்களில் உலாவும் ஊதாமுக மந்திகளுக்கு 200 முதல் 400 வரையிலான வீச்சு பொருந்தும். 1344 ஆம் ஆண்டு, முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என அழைக்கும் சிகரத்துக்குப் பயணம் செய்த இப்னு பதூதா, இம்மலைகளில் நீண்ட வாலுடைய கரிய குரங்குகளைக் கண்டதாகத் தமது பயண நூலில் குறிப்பிட்டுள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆகவே, விலங்குகளை மாத்திரம் நாடுவோருக்கு 100 முதல் 400 வரையிலான லென்ஸும், பறவைகளை நாடுவோருக்கு 500 அல்லது 600 வரை நீளும் லென்ஸும் ஏற்றவை எனலாம்.

ஒளியே முதற் சவால்

மலையகத்தில் தூரத்தைவிடப் பெரிய தடை ஒளிக்குறைவாகும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒளியியல் பற்றிப் பெருநூல் எழுதிய இப்னு அல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை உண்டாகின்றது என்று விளக்கினார். கமராவுக்கும் அதே விதிதான். ஒளி வராவிடின் படமில்லை. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி விடியலிலும் அந்தியிலும் ஓடையோரத்து இருளிலேயே நடமாடுகின்றது. ஆறுமணிக் குருவியும் புதரின் அடிநிழலை விரும்புவது. இவற்றோடு மூடுபனியும் சேர்ந்துகொள்கின்றது.

லென்ஸின் துவார அளவு எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8 எனக் குறிக்கப்படுகின்றது. இவ்வரிசையில் எண் ஒரு படி கூடும்போது உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறைகின்றது. எஃப் 4 இல் விநாடியின் 250 இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கக்கூடிய படத்தை, எஃப் 5.6 இல் 125 இல் ஒரு பங்கும், எஃப் 8 இல் 60 இல் ஒரு பங்கும் திறந்துவைத்தே எடுக்க முடியும். அதற்குள் குருவி தலையைத் திருப்பிவிடும்.

அப்படியாயின் அனைவரும் 600 மில்லிமீற்றர் எஃப் 4 லென்ஸை வாங்கலாமே என்ற கேள்வி எழலாம். குவியத்தூரத்தைத் துவார எண்ணால் வகுத்தால் ஒளி புகும் வழியின் விட்டம் கிடைக்கும். 600 ஐ 4 ஆல் வகுத்தால் 150 மில்லிமீற்றர். அத்தனை பெரிய கண்ணாடிகளைக் குறையின்றிச் செய்வது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. 2018 இல் வெளிவந்த கெனன் 600 மில்லிமீற்றர் எஃப் 4 லென்ஸ் 3 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. அதன் விலையோ சாதாரண குடும்பமொன்று எண்ணிப்பார்க்க இயலாதது. அதே 600 ஐ 6.3 ஆல் வகுத்தால் 95 மில்லிமீற்றர்தான். எனவேதான் நடுத்தர விலையிலுள்ள லென்ஸ்கள் பெரும்பாலும் எஃப் 6.3 இல் நின்றுவிடுகின்றன.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தலாம். இன்றைய கமராக்களில் 3200 அல்லது 6400 வரை உயர்த்தியும் ஏற்கத்தக்க படம் பெற முடிகின்றது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு வசதியும் உதவும். எனினும் அது நமது கையின் நடுக்கத்தையே தடுக்கும், பறவையின் அசைவைத் தடுக்காது என்பதை மறந்துவிடலாகாது. கிளையில் அமைதியாக இருக்கும் பறவைக்கு விநாடியின் 250 இல் ஒரு பங்கு போதுமாயிருக்கலாம். தேயிலை மலைகளுக்கு மேலாக வட்டமிடும் கருங்கழுகுக்கு 2000 இல் ஒரு பங்காவது வேண்டும்.

சந்தையில் உள்ளவை

முதலாவது வகை, 150 முதல் 600 வரை நீளும் ஸூம் லென்ஸ்கள். டாம்ரோன் நிறுவனம் 2013 இன் இறுதியில் அறிவித்த லென்ஸும், சிக்மா 2015 இல் வெளியிட்ட கன்டெம்பரரி வகையும் பறவைப் படக்கலையைச் சாமானியரின் கைக்கு எட்டச் செய்தன எனலாம். இரண்டும் ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையுடையவை. 2015 இல் வந்த நிக்கோன் 200-500 எஃப் 5.6 லென்ஸ் சற்றுக் கூடிய ஒளியைத் தரும், நிறை 2.3 கிலோகிராம். ஆடியற்ற கமராக்களுக்கென சோனி 2019 இல் 200-600 லென்ஸையும், நிக்கோன் 2023 இல் 180-600 லென்ஸையும் வெளியிட்டன. மலையகப் பறவைகளுக்கு முதல் லென்ஸாக ஒன்றைச் சொல்லவேண்டுமாயின் இவ்வகையையே சொல்லலாம்.

இரண்டாவது வகை, எடை குறைந்தவை. கெனன் 2021 இல் வெளியிட்ட ஆர்.எஃப். 100-400 லென்ஸின் நிறை 635 கிராம் மாத்திரமே. ஏற்ற இறக்கமான மலைப்பாதையில் நாள் முழுதும் நடப்போருக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் 400 மில்லிமீற்றரில் அதன் துவாரம் எஃப் 8. காட்டிருளில் அது திணறும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் திறந்த கரைகளில் அது நன்கு உதவும்.

மூன்றாவதாக, லென்ஸைக் கழற்றமுடியாத பெரும் ஸூம் கமராக்கள். நிக்கோன் பி900 (2015), பி1000 (2018) ஆகியவை முறையே 2000, 3000 மில்லிமீற்றருக்கு நிகரான வீச்சைத் தருகின்றன. இவற்றின் உணரி மிகச் சிறியது என்பதால் வெயிலில் மாத்திரமே சிறந்த படம் கிடைக்கும். எனினும் பறவையை இனங்காணவும் பதிவுசெய்யவும் தொடங்கும் ஒருவருக்கு இவை இழிவானவை அல்ல.

கமராவின் உணரியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சிறிய உணரியுள்ள கமராவில் 400 மில்லிமீற்றர் லென்ஸ், முழு உணரியில் 600 தரும் காட்சிப் பரப்பையே ஏறத்தாழத் தரும். ஆகவே விலை குறைந்த சிறிய உணரிக் கமரா பறவைகளுக்கு ஒரு குறையன்று. லென்ஸின் நீளத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வேட்டர் ஒளியைப் பாதியாக்கிவிடும். எஃப் 6.3 லென்ஸில் அதைப் பொருத்தினால் எஃப் 9 ஆகிவிடும் என்பதால் நமது காடுகளில் அதனால் பயன் குறைவு.

பாவித்த லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

புதியது வாங்க வசதியற்றோர் பாவித்த லென்ஸை நாடுவது இயல்பே. மலைநாட்டின் ஈரப்பதன் கண்ணாடிகளுக்குப் பெரும் பகையாகும். கவனமின்றி வைக்கப்பட்ட லென்ஸினுள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். வாங்குமுன் லென்ஸின் ஒரு முனையிலிருந்து சிறு மின்சூள் ஒளியைச் செலுத்தி மறுமுனை வழியாக உற்றுநோக்க வேண்டும். தானியங்கிக் குவியம் விரைவாக இயங்குகின்றதா, ஸூம் வளையம் இடறாமல் சுழல்கின்றதா, அதிர்வுத் தடுப்பு வேலை செய்கின்றதா என்பவற்றைச் சொந்தக் கமராவில் பொருத்தியே பரிசோதிக்க வேண்டும்.

வாங்கிய பின்னர், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைப்பது நலம். நாள்கணக்கில் மழையில் நனைந்த பையினுள் லென்ஸைப் பூட்டிவைக்கலாகாது. குளிர்ந்த வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது பையை உடனே திறந்தால் கண்ணாடியில் நீர்த்துளிகள் படியும். அரை மணி நேரமாவது பொறுத்துத் திறக்க வேண்டும். மூடுபனிக்கு மருந்தே கிடையாது. நீளமான லென்ஸ் பனியை ஊடுருவிப் பார்க்காது. இடையிலுள்ள பனியையும் சேர்த்தே படமாக்கும். ஹோர்டன் சமவெளியில் முற்பகலிலேயே பனி சூழ்ந்துகொள்வது வழமை என்பதால் அதிகாலையிலேயே செல்வது உசிதம்.

லென்ஸின் நீளமும் மனிதரின் பொறுப்பும்

டெலி லென்ஸின் உண்மையான பயன் விலகி நிற்க முடிவதே. கூட்டில் குஞ்சுள்ள பறவையை நெருங்குவதும், கைபேசியில் அதன் குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதும், மரைக்கு உணவு கொடுத்து அருகில் அழைப்பதும் அந்தப் பயனை அர்த்தமற்றதாக்கும் செயல்களாகும்.

சிறுத்தைகளைப் பொறுத்தவரை இப்பொறுப்பு இன்னும் கூடியது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் இவை வாழ்கின்றன. காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளில் அகப்பட்டு மலையகத்தில் பல சிறுத்தைகள் மடிந்துள்ளன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் காப்பாற்றப்படவில்லை. சிறுத்தை நடமாடும் இடத்தைப் படத்துடன் வெளியிடுவது வேட்டைக்காரனுக்கு வழிகாட்டுவதற்கு ஒப்பாகும். படக்கோப்பில் இடத்தகவல் பதிந்திருந்தால் அதனை நீக்கிய பின்னரே பகிர வேண்டும். அதே மலையில் விடியற்காலையில் கொழுந்து கொய்யச் செல்லும் பெண்களின் அச்சமும் உண்மையானது. சிறுத்தையைக் கண்டவர், படத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னர் தோட்ட நிர்வாகத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிப்பதே முறை.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 600 மில்லிமீற்றர் லென்ஸ் பறவையை மாத்திரமல்ல, எதிர் மலையில் கூடை சுமந்து நிற்கும் தாயையும் அவரறியாமல் படம்பிடிக்கும். வறுமையையும் உழைப்பையும் தூரத்திலிருந்து திருடி அழகுப்படமாக்கும் வழக்கம் மலையகத்துக்குப் புதிதன்று. அருகில் சென்று, பெயரைக் கேட்டு, அனுமதி பெற்று எடுப்பதே பண்பாகும். மனிதரைப் படமெடுக்கச் சிறிய லென்ஸே சிறந்தது. ஏனெனில் அது நம்மை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றது.

கொழுந்து மலையில் எந்த மரத்தில் எந்தக் குருவி எப்போது வந்தமரும் என்பதைத் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அவ்வறிவு பதிவாகாமல் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடக்கூடாது. 1976 முதல் இயங்கிவரும் இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகளும், இணையவழிப் பறவைப் பதிவேடுகளும், திகதியும் இடமும் குறிக்கப்பட்ட சாதாரண படத்தையும் சான்றாக ஏற்கின்றன. பாடசாலைகளும் வாசிகசாலைகளும் இளைஞர் கழகங்களும் ஒன்றிணைந்து பொதுவில் ஒரு கமராவையும் ஒரு லென்ஸையும் வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தினால் செலவும் பகிரப்படும், அறிவும் பெருகும். அவ்வாறு வாங்கப்படும் லென்ஸ் 400 ஆயினும் 600 ஆயினும், அதன் பின்னால் நிற்பவர் இம்மண்ணை அறிந்த ஒருவராக இருப்பார் என்பதே அதன் பெரும் சிறப்பாகும்.