ஜொகூர்த் தோட்டங்களும் கங்காணியும்

ஆற்றங்கரைகளில் காம்பியரும் மிளகும் பயிரிடச் சீனர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கி, ஆட்களைத் திரட்டும் அதிகாரத்தையும் அவர்களை ஆளும் அதிகாரத்தையும் கங்சூ என்ற தலைவர்களிடமே ஒப்புவித்திருந்த ஜொகூர் அரசு, 1917-ல் அம்முறையைச் சட்டத்தின் மூலம் ஒழித்தபொழுது, அதே மண்ணில் வேறொரு இடையாள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தான். அவன் நம்மவனாகிய கங்காணி. 1909-ல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை அமைந்ததன் பயனாகக் கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் முதலிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் அழிந்து ரப்பர் மரங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது.

கங்காணியை வெறும் தரகனென்று எண்ணிவிடலாகாது. தோட்டத்தில் கூலியாக உழைத்து, துரையின் நம்பிக்கைக்குப் பாத்திரமாகி, உரிமச்சீட்டோடு தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலுள்ள தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பி, பங்காளியையும் மைத்துனனையும் சேரிக்காரரையும் அழைத்து வந்தவன் அவன். முன்பின் அறியாத ஆள்பிடிகாரனிடம் கேட்கத் தோன்றும் கேள்விகளைச் சொந்த மாமனிடம் கேட்பதற்கு யாருக்கு நா எழும்? சம்பளம் எவ்வளவு, வேலை எத்தகையது, காய்ச்சல் வந்தால் கதி என்ன என்ற கேள்விகளெல்லாம் ஊர் எல்லையைக் கடக்குமுன்பே உறவு என்னும் திரைக்குப் பின்னால் மறைந்துபோயின.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை; கங்காணியைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதிகள் அந்நாளைய நிலைமையை நோக்க வியக்கத்தக்கவையே. 1907-ல் ஏற்பட்ட இந்தியர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்த, அந்த நிதியிலிருந்தே ரயில், கப்பல் செலவுகள் கொடுக்கப்பட்டதால், வருகிறவன் பிரயாணக் கடனைத் தலையில் சுமந்து இறங்கவேண்டிய அவசியம் நீங்கிற்று. 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. 1922-ம் வருஷத்து இந்தியக் குடியேற்றச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் எவரையும் பிணைக்கலாகாதென்றும், ஆள் சேர்த்த செலவைக் கூலிக்காரனிடம் வசூலிக்கலாகாதென்றும், உடல்நலக் குறைவாலோ வேலை ஒவ்வாமையாலோ அநியாயமாக நடத்தப்பட்டதாலோ ஓராண்டுக்குள் திரும்ப விரும்புகிறவனை இலவசமாக ஊருக்கு அனுப்பவேண்டுமென்றும் கூறின. இவற்றைக் கண்காணிக்க இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் நியமிக்கப்பட்டார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சோதித்த பின்னரே கப்பலேற்றினார்கள்.

இத்தனை உரிமைகளும் ஏன் அரைகுறையாகவே பலித்தன என்பதற்குக் காரணத்தைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இன்றைய ஆள்சேர்ப்பு ஏஜெண்டு ஆளை வேலையில் சேர்த்ததும் விலகிப்போகிறார். கங்காணியோ ஆளைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தன் ஆட்சியைத் தொடங்கினான். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது எதிரே நின்றவன் அவன். வரிசைக்கு ஆள் பிரித்தவன் அவன். அவசரத்துக்குக் கடன் கொடுத்தவனும் பெரும்பாலும் அவனே. தான் கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவனும் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. அவன் ஆள் ஒருவன் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போவது சட்டப்படி எவ்வளவு சுலபமோ, கங்காணியின் வருமானத்தில் கைவைக்கிற காரியமாதலால், நடைமுறையில் அவ்வளவு கடினம். கோலாலம்பூரில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு இருக்கிறாரென்பது ஜொகூர்க் காட்டுக்குள் பால் வெட்டும் ஒருவனுக்கு எந்த வழியில் தெரிந்திருக்கும்? கடிதம் எழுதத் தெரிந்தவர் தோட்டத்துக் குமாஸ்தாவாகிய கிராணி. அவரோ துரையின் ஆள்.

1936-ம் வருஷக் கடைசியில் இந்திய சர்க்கார் அனுப்ப, நிலைமையை நேரில் ஆராய வந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், கங்காணிகள் பெருவாரியாக ஆள் திரட்டிய தஞ்சை ஜில்லாவின் வலங்கைமானிலே பிறந்தவரென்பது ஒரு விசித்திரப் பொருத்தம். அவருடைய அறிக்கை பொதுவில் மலாயாவுக்குச் சாதகமாகவே இருந்ததென்று அன்றே பலர் குறைகூறினர். அக்குறை நியாயமானதென்றே எனக்கும் படுகிறது. ஆயினும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடவேண்டுமென்று அவர் சொன்னது காலமறிந்த சொல். தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்ததன் விளைவாக, 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவிபெற்ற குடியேற்றத்தையே அடியோடு தடைசெய்தது.

ஆட்களைக் கொண்டுவரத் திரட்டிய நிதி மட்டும் ஆட்கள் வருவது நின்ற பின்னும் எஞ்சியிருந்தது. 1958-ல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயர் பெற்று, 1999-ல் கலைக்கப்பட்டது.