மஞ்சள் துடுப்பு ஏஞ்சல் மீன்

இலங்கை, மாலத்தீவுக் கடல்களின் பவளப் பார்களில் வாழும் குட்டி மீன் இது. முழுதாக வளர்ந்தாலும் 10 செ.மீ.தான். இலங்கையில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, ஜான் ராண்டல், வொல்ஃப்காங் கிளவுசவிட்ஸ் இருவரும் 1977-ல் இதற்கு ‘சென்ட்ரோபைஜ் ஃப்ளாவிபெக்டோராலிஸ்’ என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள்.

தள்ளி நின்று பார்த்தால் வெறும் கருநீலம். கிட்டப் போனால் விலாவில் மெல்லிய செங்குத்துக் கோடுகளும், துடுப்பு ஓரங்களில் நீலக் கரையும், பளிச்சென்ற மஞ்சள் மார்புத் துடுப்புகளும் தெரியும். கன்னத்தின் கீழ்முனையில் பின்னோக்கி ஒரு முள் நீண்டிருக்கும். ஏஞ்சல் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது; உருவத்தில் ஒத்த வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அந்த முள் கிடையாது.

சேலம், நாமக்கல் வண்ணமீன் கடைகளில் ‘ஏஞ்சல்’ என்று கேட்டால் தருவது வேறு மீன். அமேசான் படுகையிலிருந்து வந்த அந்த நன்னீர் மீனுக்கு, குளோரின் போக வைத்திருந்த காவிரித் தண்ணீரே போதும். கடல் ஏஞ்சலுக்கோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும்.

3 முதல் 20 மீட்டர் ஆழத்தில், உடைந்த பவளத் துண்டுகள் குவிந்த இடமே இதன் வீடு. துண்டுகளில் படியும் பாசியைக் கொறிக்கும்; நிழல் தட்டினால் அடுத்த கணம் பொந்துக்குள் மறையும். பவளம் வெளுத்து இறந்தாலும் அதன் கூடு நிற்கும்வரை ஒளிய இடம் உண்டு. கூடும் நொறுங்கி மணலானால்தான் ஆபத்து.

1998-ல் கடல் சூடேறியபோது இலங்கைப் பார்களும் மன்னார் வளைகுடாப் பார்களும் பெருமளவில் வெளுத்தன. மன்னார் வளைகுடாவில் அதற்கு முன்பே, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் தீவோரப் பார்கள் சிதைந்திருந்தன. அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. 2001-ல் பவளங்களும் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன.

இதைப் போன்ற குட்டி இனங்களான குள்ள ஏஞ்சல்கள் முதலில் பெண்ணாகவே வளர்பவை. ஓர் ஆணும் சில பெண்களும் கூட்டமாக இருக்கும். ஆண் போய்விட்டால் பெரிய பெண் ஆணாக மாறிவிடும். அந்தி சாயும் நேரத்தில் ஜோடி மேலெழுந்து முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடும். மில்லிமீட்டர்கூட இல்லாத முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போகும்.

வளர்ப்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். கல்லில் முட்டையிட்டுக் காவல் காக்கும் கோமாளி மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொட்டியிலேயே பெருக்கிவிட்டது. குள்ள ஏஞ்சலின் குஞ்சு வாய்க்கோ, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இரை வேண்டும். ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் 2000-களின் தொடக்கத்தில் அந்த இரையைத் தந்து சில இனங்களை வளர்த்துக் காட்டினார். ஆனாலும் விற்பனைக்கு வரும் குள்ள ஏஞ்சல்களில் பெரும்பாலானவை இன்றும் பாரில் பிடித்தவையே.