ரோமாபுரியின் தத்துப் பிள்ளைகள்

கொங்கு நாட்டிலும் தென்னகத்தின் பிற பகுதிகளிலும் ரோமாபுரியின் வெள்ளிக் காசுகள் புதையல்களாகக் கிடைத்துள்ளமையை நாம் அறிவோம். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த காசுகள் அவை. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகையில், ஒரு புறம் பேரரசர் அகஸ்டஸின் தலை பொறிக்கப்பட்டிருக்கும். மறு புறம் கேடயங்களையும் ஈட்டிகளையும் நடுவில் நிறுத்தி இரண்டு இளைஞர்கள் நிற்பர். தலையைச் சூழ்ந்த எழுத்துக்கள் அகஸ்டஸைத் தெய்வமானவரின் மகன் என்று கூறுகின்றன. இளைஞர்களைச் சூழ்ந்த எழுத்துக்கள் அவ்விருவரையும் அகஸ்டஸின் மக்கள் என்று கூறுகின்றன.

தெய்வமாக்கப்பட்ட ஜூலியஸ் சீசர் அகஸ்டஸைப் பெற்றவர் அல்லர். அவருடைய பாட்டியின் உடன்பிறந்தார் ஆவார். கேயஸ், லூஸியஸ் என்னும் அவ்விரண்டு இளைஞர்களும் அகஸ்டஸின் மகள் ஜூலியா ஈன்ற பிள்ளைகள். ஆக, ஒரே காசில் மகன் என்று பெயர் பெற்றோர் மூவர். மூவருமே தத்துப் பிள்ளைகள்! நம் முன்னோர் எடை பார்த்து வாங்கிய அந்த வெள்ளியில், ரோமாபுரியின் ஆட்சி எந்த முறையில் கைமாறியது என்பது எழுதப்பட்டே இருந்தது. பிறப்பைப் பெரிதாகப் போற்றிய ஒரு சமுதாயம் பிறவாத மகனிடம் அரசை ஒப்படைத்தது எவ்வாறு? அதனால் அது பெற்றது என்ன, இழந்தது என்ன? இவற்றை நாம் இங்குச் சிறிது ஆராய்வோம்.

மெழுகு முகங்கள்

மன்னராட்சியை ஒழித்துக் குடியாட்சி கண்ட ரோமாபுரியில், ஆண்டுதோறும் கான்ஸல்கள் என்னும் தலைவர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தேர்ந்தெடுப்போர் மக்களே, ஆயினும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரும்பாலும் ஒரு சில குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவே இருந்தனர். முன்னோரில் எவரும் உயர் பதவி வகித்திராத ஒருவர் கான்ஸல் ஆனால், அவரைப் 'புதிய மனிதர்' என்று தனிப்பெயரிட்டு வழங்கினர். கி.மு. 63-ஆம் ஆண்டில் கான்ஸலாக விளங்கிய நாவலர் சிஸரோ அத்தகையவர்.

முன்னோர் பெருமை அங்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை. அது கண்ணால் காணும் பொருளாக இருந்தது. உயர் பதவி வகித்து மறைந்தோரின் முகங்களை மெழுகில் வடித்து, வீட்டின் முன்கூடத்தில் மரப்பேழைகளில் வைத்திருந்தனர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ், ஒரு பெருமகனின் இறுதி ஊர்வலத்தை நமக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறார். உருவத்தில் ஒத்த ஆடவர் அம்முகங்களை அணிந்து, அந்தந்த முன்னோரின் பதவிக்குரிய உடை உடுத்து, தேரேறிச் செல்வர். மன்றத்தில் தந்த நாற்காலிகளில் வரிசையாக அமர்வர். இறந்தவரின் மகன் மேடையேறி, முதலில் தந்தையையும் பின்னர் அங்கு வீற்றிருக்கும் முன்னோர் ஒவ்வொருவரையும் புகழ்ந்துரைப்பான். அக்காட்சியைக் கண்ட இளைஞன் எவனுக்கும் தானும் அவ்வரிசையில் ஒரு நாள் இடம்பெற வேண்டும் என்ற வேட்கை எழும் என்கிறார் போலிபியஸ்.

அம்மேடை அரசியலுக்கும் பயன்பட்டது. கி.மு. 69-ஆம் ஆண்டில் தம் அத்தை ஜூலியாவின் இறுதிச் சடங்கில் பேசிய இளைய சீசர், தம் குலம் வீனஸ் தேவியிடமிருந்து தோன்றியது என்று உரைத்தார். அவ்வூர்வலத்தில் அத்தையின் கணவரான மாரியஸின் உருவத்தையும் அவர் காட்டினார். மாரியஸின் பகைவர் வென்று பல ஆண்டுகளாகப் பொதுவில் தோன்றாத உருவம் அது. மூதாதையரைப் போற்றுகிறேன் என்ற பெயரில் ஒரு கட்சிக் கொடியையே அவர் உயர்த்திவிட்டார்.

குலம் காக்க வந்த மகன்

இத்தகைய குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமற் போனால் என்ன ஆகும்? குலதெய்வ வழிபாடு நிற்கும், பெயர் அழியும், பல தலைமுறையாகத் திரட்டிய செல்வாக்கு சிதறும். எனவே தத்து எடுத்தனர். வழிபாடு தொடர வேண்டும் என்ற நோக்கத்தில் ரோமர் வழக்கம் நம் நாட்டுச் சுவீகாரத்தை ஒத்தது. எனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. ரோமாபுரியின் பெருங்குடியினர் தத்தெடுத்தது பெரும்பாலும் வளர்ந்த ஆண்மக்களையே. மகவு பிழைக்குமோ, எப்படி வளருமோ என்ற ஐயம் அங்கு இல்லை. தத்து மகன் புதிய தந்தையின் பெயரை ஏற்பான். பிறந்த குலத்தின் பெயரைச் சிறிது திரித்துக் கடைசியில் வைத்துக்கொள்வான். எமிலியஸ் குலத்தில் பிறந்து ஸிப்பியோ இல்லத்துக்குச் சென்றவர் 'ஸிப்பியோ எமிலியானஸ்' ஆனது இவ்வாறுதான்.

அவருடைய வரலாறு உருக்கமானது. மாசிடோனியாவை வென்ற எமிலியஸ் பால்லஸுக்கு ஆண்மக்கள் நால்வர். மூத்த இருவரையும் அவர் தத்துக் கொடுத்துவிட்டார். ஒருவர் ஃபேபியஸ் குலத்துக்குச் சென்றார்; மற்றவர் ஹானிபலை வென்ற மாவீரர் ஸிப்பியோவின் மகனுக்கு மகனானார். அம்மகன் நோயாளி, பிள்ளை இல்லாதவர். எஞ்சிய இளைய மக்கள் இருவரே தம் குலத்தை நிலைநிறுத்துவர் என்று பால்லஸ் நம்பியிருந்தார். கி.மு. 167-ஆம் ஆண்டில் அவருடைய வெற்றி உலா நடைபெற்றது. அதற்கு ஐந்து நாள் முன்பு அவ்விருவரில் ஒருவன் இறந்தான். உலா முடிந்த மூன்றாம் நாள் மற்றவனும் இறந்தான். நாட்டுக்கு வரவிருந்த தீங்கு தம் வீட்டோடு போகட்டும் என்று தாம் வேண்டியிருந்ததாகப் பால்லஸ் மக்கள் முன் கூறினார். உயிரோடு இருந்த மக்கள் இருவரும் சட்டப்படி பிறர் மக்கள். இரு பெருங்குலங்களை வாழவைத்தவரின் இல்லத்தில் அவர் பெயர் சொல்ல ஒருவரும் இல்லை.

பெயருக்காகத் தத்து எடுத்தவர் உண்டு; பெயரைத் துறப்பதற்காகத் தத்துப் போனவரும் உண்டு. கிளாடியஸ் என்னும் மிகப் பழைய உயர்குடியில் பிறந்தவர் குளோடியஸ். பொதுக்குடியினர் மட்டுமே வகிக்கக்கூடிய டிரிபியூன் பதவியை அவர் விரும்பினார். அதற்காகக் கி.மு. 59-ஆம் ஆண்டில் ஃபான்டியஸ் என்னும் பொதுக்குடியினர் ஒருவருக்குத் தத்து மகனானார். தந்தையின் வயது ஏறத்தாழ இருபது. மகனோ முப்பதைத் தாண்டியவர்! சடங்கு முடிந்ததும் தந்தை மகனை விடுவித்துவிட்டார். மறு ஆண்டு டிரிபியூன் ஆன குளோடியஸ், தம் பகைவரான சிஸரோவை நாடு கடத்தி அவர் வீட்டையும் இடித்துத் தள்ளினார். நாடு திரும்பிய சிஸரோ, அத்தத்து ஒரு போலிச் சடங்கு என்று குருமார் அவையில் வாதாடினார். குலம் காக்க வந்த சட்டம் பழி தீர்க்கும் கருவியாகவும் ஆயிற்று.

ஒரு பெயரின் விலை

கி.மு. 44-ஆம் ஆண்டில் சீசர் கொலையுண்டபோது, அவருடைய உயில் ஆக்டேவியஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞரை மகனாகவும் சொத்தில் முக்கால் பங்குக்கு உரியவராகவும் அறிவித்தது. தாயும் மாற்றாந்தந்தையும் இந்த ஆபத்தான உரிமை வேண்டாம் என்று தடுத்தனர். இளைஞர் கேட்கவில்லை. 'ஆக்டேவியானஸ்' என்று வரலாற்றாசிரியர் அவரை அழைக்கின்றனர். அவரோ பிறந்த குலத்தை நினைவூட்டும் அப்பெயரை விலக்கிச் சீசர் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். சீசரின் பணம் ஆன்டனியின் கையில் சிக்கியிருந்தது. ஆகவே, குடிமக்களுக்குச் சீசர் எழுதிவைத்த தொகையை அவர் தம் உடைமைகளை விற்றுக் கொடுத்தார். சீசரின் கடனை அடைப்பவனே சீசரின் மகன் என்பதை மக்கள் உணரும்படி செய்தார்.

பெயரால் உயர்ந்த சிறுவன் என்று ஆன்டனி அவரை இகழ்ந்தார். தத்தை உறுதி செய்யும் சட்டத்துக்கும் முட்டுக்கட்டை இட்டார். கி.மு. 43-ஆம் ஆண்டில் தாமே கான்ஸல் ஆகித்தான் அவ்வுறுதியை ஆக்டேவியன் பெற முடிந்தது. கிளியோபாட்ராவின் மகன் ஸிஸேரியன், தான் சீசரின் சொந்த மகன் என்னும் புகழோடு எகிப்தில் வளர்ந்துவந்தான். ஆக்டியம் போருக்கு மறு ஆண்டு, கி.மு. 30-இல், அவன் கொல்லப்பட்டான். தத்து மகனின் உரிமைக்கு எதிராகப் பிறந்த மகன் ஒருவன் உயிரோடிருக்க இடமில்லாமற் போயிற்று.

இவ்வாறு வென்று அகஸ்டஸ் என்ற பட்டம் ஏற்றவருக்கும் ஆண்மகவு இல்லை. கி.மு. 17-ஆம் ஆண்டில் மகளின் பிள்ளைகளான கேயஸையும் லூஸியஸையும் அவர்களுடைய தந்தை அக்ரிப்பாவிடமிருந்து, தராசும் செப்புக் காசும் கொண்டு செய்யும் பழைய விற்பனைச் சடங்கின்படி 'வாங்கி' மகன்களாக்கிக்கொண்டார். லூஸியஸ் கி.பி. 2-ஆம் ஆண்டிலும், கேயஸ் கி.பி. 4-ஆம் ஆண்டிலும் இறந்தனர். கொங்கு மண்ணில் நாம் காணும் இளைஞர் இவர்களே. அவர்களுடைய உருவம் தாங்கிய காசுகள் நம் நாட்டில் நிலைத்தன. அவர்கள் அரியணை காணவே இல்லை.

அதன் பின்னரே அகஸ்டஸ் தம் மனைவி லிவியாவின் மகன் டைபீரியஸைத் தத்தெடுத்தார். பல போர்களை வென்ற டைபீரியஸுக்கு அப்போது வயது 44. தத்துப் போன அன்றே அவர் தந்தையின் ஆளுகைக்கு உட்பட்ட மகனாகிவிட்டதால், பிறருக்குக் கொடை வழங்கும் உரிமையையும் அடிமையை விடுவிக்கும் உரிமையையும் இழந்தார்! அவருக்குச் சொந்த மகன் இருந்தும், தம்பி மகன் ஜெர்மானிகஸை அவர் தத்தெடுக்க வேண்டும் என்று அகஸ்டஸ் கட்டளையிட்டார். கி.பி. 14-ஆம் ஆண்டில் மறைந்தபோது, தம் உயிலால் மனைவி லிவியாவையே மகளாக்கி ஜூலியஸ் குலத்தில் சேர்த்துச் சென்றார். குடும்பம் என்பது அவர் கையில் களிமண்ணைப் போல் குழைந்தது.

பிறந்தவனும் வந்தவனும்

சட்டம் குழையும், மனம் குழையுமோ? பேரரசர் கிளாடியஸுக்குப் பிரிட்டானிகஸ் என்ற சொந்த மகன் இருந்தான். எனினும் கி.பி. 50-ஆம் ஆண்டில் அவர் தம் புதிய மனைவி அக்ரிப்பினாவின் மகனைத் தத்தெடுத்து, நீரோ என்று பெயரிட்டார். உயர்குடிக் கிளாடியர் இல்லத்தில் அதுவரை எவரும் தத்து எடுத்ததில்லை என்று அறிந்தோர் சுட்டிக்காட்டினர். நீரோ பிரிட்டானிகஸைவிட மூன்று வயது மூத்தவன். ஒரு நாள் எதிர்ப்பட்டபோது பிரிட்டானிகஸ் அவனைப் பழைய குலப்பெயரான 'டொமிஷியஸ்' என்று அழைத்தானாம். அதைப் பெருங்குற்றமாக்கி, அச்சிறுவனின் ஆசிரியர்களையே அக்ரிப்பினா அகற்றச் செய்தாள் என்று டாஸிடஸ் எழுதுகிறார். ஒரு சிறுவன் தன் வீட்டில் நடந்ததை ஏற்க மறுத்துச் சொன்ன ஒற்றைச் சொல் அது. கி.பி. 55-ஆம் ஆண்டில், பதினான்கு வயது நிறையும் தறுவாயில், விருந்து மேசையிலேயே அவன் விழுந்து இறந்தான். நீரோ நஞ்சிட்டான் என்பதே பண்டை ஆசிரியர்களின் கூற்று. நீரோவும் கி.பி. 68-ஆம் ஆண்டில் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ள, அக்குலம் அழிந்தது.

அவனுக்குப் பின் வந்த முதியவர் கால்பா, கி.பி. 69 ஜனவரி 10-ஆம் நாள் பிஸோ என்னும் உயர்குடி இளைஞரைத் தத்தெடுத்தார். அந்த இடத்தை எதிர்பார்த்திருந்த ஓத்தோ படைவீரரைத் தம் பக்கம் இழுத்தார். ஐந்தே நாளில் தந்தையும் மகனும் வெட்டுண்டனர். படையின் ஆதரவின்றித் தத்துரிமை நிற்காது என்பதை ரோமாபுரி அன்று கண்டது.

அப்பாடத்தை நெர்வா மறக்கவில்லை. கி.பி. 97-ஆம் ஆண்டில் மெய்காவற்படை தமக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ரைன் ஆற்றங்கரையில் பெரும் படைக்குத் தலைவராயிருந்த டிராஜனை அவர் தத்தெடுத்தார். பின்னர் ஹாட்ரியன், அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ் எனத் தத்து வழியே ஆட்சி தொடர்ந்தது. தகுதியுடையோரைத் தேர்ந்தெடுத்த பொற்காலம் என்று இதைப் பலர் புகழ்வர். அப்புகழில் உண்மை உண்டு. ஆனால் நெர்வா முதல் அன்டோனினஸ் வரை நால்வருக்கும் தமக்குப் பின் வாழ்ந்த ஆண்மகவு இல்லை என்பதையும் நாம் கருத வேண்டும். ஐவரில் மகனைப் பெற்று வளர்க்கும் பேறு வாய்த்தவர் மார்க்கஸ் அரேலியஸ் ஒருவரே. மெய்யறிவாளரான அவரே தம் மகன் கொமொடஸிடம் பேரரசை விட்டுச் சென்றார். கி.பி. 180 முதல் நடந்த அவனுடைய கொடிய ஆட்சி, 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவன் கொலையோடு முடிந்தது. தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று அறிந்தவரையும் தந்தைப் பாசம் வென்றுவிட்டது.

இவ்வழக்கத்தின் உச்சத்தையும் சொல்லிவிடுவோம். கி.பி. 195-ஆம் ஆண்டில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், பதினைந்து ஆண்டுக்கு முன் இறந்துபோன மார்க்கஸ் அரேலியஸின் மகன் தாம் என்று தாமே அறிவித்துக்கொண்டார்! ஒரு வழியாகத் தங்களுக்கு ஒரு தந்தை கிடைத்துவிட்டாரே என்று அவரை ஒருவர் நயமாகக் குத்திப் பேசினாராம்.

இவ்வளவையும் காணும்போது, குலப்பெருமை என்பது ரோமாபுரியில் மெழுகில் வடித்த முகம் போன்றது என்று தோன்றுகிறது. யாரும் அதை எடுத்து அணியலாம். அணிந்தவரின் நடை வேறாக இருந்தால் காண்போர் அறிந்துகொள்வர். இதை முன்னரே உணர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஸிப்பியோ எமிலியானஸ் பதினெட்டு வயதில் தம் ஆசானும் நண்பருமான போலிபியஸிடம், தாம் ஸிப்பியோ இல்லத்துக்குத் தகுந்தவர் அல்லர் என்று ஊரார் கருதுவதாகச் சொல்லி வருந்தினார். சட்டம் தந்த பெயர் அவருக்கு அமைதி தரவில்லை. பின்னாளில், தம்மைப் பெற்ற பால்லஸ் இறந்தபோது, அவர் சொத்தில் தமக்கு வந்த பங்கை வசதி குறைந்த தம் அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். சட்டம் பிரித்த பின்னும் அவ்விருவரும் உடன்பிறந்தாராகவே வாழ்ந்தனர்.

ஊரையும் உறவையும் விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாம், நம் குடிப்பெயரையும் ஊர்ப்பெயரையும் பிள்ளைகளுக்கு ஆசையோடு சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லிக் கொடுக்க வேண்டியதே. அதனுடன், அப்பெயருக்குத் தான் தகுந்தவனா என்று எண்ணி வருந்திய அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாக.