சும்மா இருக்கும் இடக்கை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சுடும் படம் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. வலக்கையில் பிஸ்டல், இடக்கை பேன்ட் பாக்கெட்டில். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்று, 51 வயதில் கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கினார். என்ன அலட்சியம் என்று நெட்டிசன்கள் கொண்டாடினார்கள். அலட்சியமெல்லாம் இல்லை. ஒரு கையால்தான் சுட வேண்டும் என்பது விதி. மற்ற கை சும்மா தொங்கினால் ஆடும், அது ஆடினால் தோளும் ஆடும். அதனால் பலரும் அதைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிவிடுவார்கள்.

சரி, ஏன் ஒரு கை? குதிரையைத்தான் கேட்க வேண்டும்.

ஆரம்பகாலத் துப்பாக்கிக்குக் கனலும் திரி வேண்டும். குதிரைமேல் அதைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடு. 16ஆம் நூற்றாண்டில் சக்கரம் சுழன்று கல்லில் உரசிப் பொறி கக்கும் விசை வந்தது. சிகரெட் லைட்டரின் கொள்ளுப்பாட்டன் என்று சொல்லலாம். அதன்பின் மருந்து திணித்த பிஸ்டலைச் சேணத்திலேயே செருகி வைக்க முடிந்தது. ஜெர்மானியக் குதிரைப்படையினர் இடக்கையில் கடிவாளமும் வலக்கையில் பிஸ்டலுமாகப் பாய்ந்தார்கள். ஓடும் குதிரையில் குறியாவது ஒன்றாவது! கிட்டே போய்ச் சுட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஐரோப்பியக் கனவான்கள் மானப் பிரச்சினைகளைத் தரையில் எதிரெதிரே நின்று பிஸ்டலால் தீர்த்துக்கொண்டார்கள். குதிரை போய்விட்டது, ஒற்றைக் கை மட்டும் தங்கிவிட்டது. எதிராளிக்கு மார்பை அகலமாகக் காட்டுவானேன் என்று பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். இன்றைய வீரர்கள் ஓரமாகத் திரும்பி நிற்பதில் அந்தச் சாயல் இருக்கிறது. 1906இல் ஏதென்ஸில் நடந்த போட்டியில் கோட்டுப் போட்ட பொம்மைகளைச் சுட்டார்கள். 1908இல் லண்டனில் இன்னும் ஒரு படி மேலே போய், முகமூடி மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் மெழுகுக் குண்டால் சுட்டுக் காட்டினார்கள்!

எந்தக் கை என்பதில் மட்டும் விதி தலையிடவில்லை. ஹங்கேரி ராணுவத்தின் காரோய் தகாச்சுக்கு 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. சும்மா கிடந்த இடக்கையைப் பழக்கி, 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார்.

மைதானத்துக்கு வெளியே கதை வேறு. ஷாங்காய் போலீஸில் இருந்த ஃபேர்பேர்னும் சைக்ஸும் இருட்டுச் சந்துகளில் சில அடி தூரத்தில் நடக்கும் சண்டைகளைப் பார்த்து, நிதானமாகக் குறி பார்க்கும் பாடம் அங்கே உதவாது என்று முடிவு செய்தார்கள். குனிந்து, கையை நீட்டி, விரலால் சுட்டுவதுபோலச் சுடு என்றார்கள். இரண்டாம் உலகப்போரில் கமாண்டோக்களுக்குப் போனது அதுதான்.

1950களில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரியருகே ஜெஃப் கூப்பர் என்பவர் துப்பாக்கி சுடும் போட்டி நடத்தினார். பலரும் கௌபாய் பாணியில் இடுப்பிலிருந்தே படபடவென்று சுட்டுக் கோட்டைவிட்டார்கள். ஜாக் வீவர் என்ற ஷெரீஃப் உதவியாளர் பிஸ்டலைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, இடக்கையையும் சேர்த்துப் பிடித்துச் சுட்டு ஜெயித்தார். வலக்கை தள்ள, இடக்கை இழுக்க, துப்பாக்கி நடுவில் அசையாமல் நின்றது. தோற்றவர்கள் காப்பியடித்தார்கள், கூப்பர் அதற்கு வீவர் பெயரையே வைத்து ஊரெல்லாம் பரப்பினார். 1980களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் என்ற இரு போட்டி வீரர்கள் மார்பை நேராகத் திருப்பி, இரு கைகளையும் ஒரே அளவில் நீட்டினார்கள். அந்த நிலைக்குப் பெயர், நாம் பள்ளியில் மல்லுக்கட்டிய அதே இருசமபக்க முக்கோணம். நம் சினிமா போலீஸ்காரர்கள் கதவை உதைத்துவிட்டு நிற்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஒலிம்பிக் மட்டும் மசியவில்லை, அங்கே இன்றும் ஒரே கைதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். கை அப்படியே 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் அதே 2 மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் குழல் நுனியில் இருக்கும் கட்டை, பின்னாலுள்ள பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் பிசகினால் போதும், இலக்கில் குண்டு சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 50 மீட்டரில் அதுவே 15 சென்டிமீட்டர். அதனால்தான் சுடுபவர் கண் குறியில் இருக்காது. நுனிக்கட்டை துல்லியமாகத் தெரிய, எதிரே உள்ள கறுப்பு வட்டம் மங்கிப்போகும். அந்த மங்கலைப் பொறுத்துக்கொண்டு, அரைக் கிலோ எடையைத் தூக்கும் விசையைச் சிறுகச் சிறுக அழுத்துவார்கள். எந்த நொடியில் வெடிக்கும் என்று சுடுபவருக்கே தெரியாது.