அகரவரிசையும் ஆணிவேரும்

திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலச் சொல் கற்கும் புத்தகம் ஏதாவது கையில் சிக்கினால், விலை கேட்பதற்கு முன் பென்சில் கோடு எந்தப் பக்கத்தோடு நின்றுபோயிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். பாரன்ஸ் பதிப்பகம் போட்ட ஜிஆர்இ நுழைவுத்தேர்வுப் புத்தகம் என்றால் கோடு 'சி' எழுத்தைத் தாண்டியிருப்பது அபூர்வம். முதல் பக்கங்களில் இரண்டு நிற மை, ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ்ப் பொருள். பிறகு மஞ்சள் மார்க்கர் மட்டும். பிறகு வெறும் தாள். நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்றால் மூன்றாம் அத்தியாயம் கந்தலாகியிருக்கும். பின்பாதி நேற்று அச்சாகி வந்ததுபோல் இருக்கும்.

சொல் கற்பதில் இரண்டு எதிரெதிர் வழிகளுக்கு இந்த இரண்டு புத்தகங்களும் நல்ல சான்று. இரண்டையும் பாதியில் விட்டவன் என்ற தகுதியில் பேசுகிறேன்.

பாரன்ஸின் பழைய பதிப்புகளில் இருந்த பெரும்பட்டியலில் ஏறக்குறைய 3,500 சொற்கள், 50 பகுதிகளாக. ஒழுங்கு அகரவரிசை. அபேஸ் என்றால் தாழ்த்து, அபாஷ் என்றால் கூசவை, அபேட் என்றால் தணி, சற்றுத் தள்ளி அபெட் என்றால் குற்றத்துக்கு உடந்தையாயிரு. நான்கும் அண்ணன் தம்பிபோல ஒரே முகம். பொருளோ நாலு திக்கு. அகரவரிசை தேடுகிறவனுக்குச் செய்த ஏற்பாடு. படிக்கிறவனுக்கு அது ஒரே சாயலுள்ளவர்களை வரிசையாக நிற்கவைத்து, யார் பெயர் என்ன என்று கேட்கும் விளையாட்டு.

ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பொருளே இல்லாத அசைகளை எழுதி வைத்துக்கொண்டு தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். பொருள் இருந்தால் நினைவு அதைப் பிடித்துக்கொண்டுவிடும் என்பதால்தான் பொருளற்ற அசையாகத் தேர்ந்தெடுத்தார். பட்டியல் படிக்கும் மாணவன் தெரியாமலே அந்தச் சோதனையைத் தன்மீது நடத்திக்கொள்கிறான். அபெயன்ஸ் என்றால் 'நிறுத்திவைப்பு' என்று இரவில் உருப்போட்டது காலையில் ஆவியாகிவிடும். அந்தச் சொல் 'வாயைப் பிளந்து நிற்றல்' என்னும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, தீர்ப்புக்காக வாய் பிளந்து காத்திருக்கும் வழக்கு என்று ஒருவர் சொன்ன பிறகு எனக்கு அது மறக்கவில்லை.

லூயிஸ் 1949இலேயே பிடித்த சூட்சுமம் அதுதான். அவர் சொல்லை அகரவரிசையில் வைக்கவில்லை. ஆள் வகைகளில் தொடங்கினார். தன்னலமே பெரிதென்பவன், தற்பெருமை பேசுபவன், பிறர்நலம் நாடுபவன், உள்ளொடுங்கியவன், புறநோக்கு உள்ளவன், இரண்டும் கலந்தவன் என்று தொடங்கிப் பத்துச் சொற்கள். அந்த 'இரண்டும் கலந்தவன்' ஆம்பிவெர்ட். அதிலுள்ள 'ஆம்பி'யைப் பிடித்துக்கொண்டு இரு கையிலும் வேலை செய்யும் ஆம்பிடெக்ஸ்ட்ரஸுக்குப் போகிறார். அங்கிருந்து லத்தீனில் வலதைக் குறிக்கும் டெக்ஸ்டர், இடதைக் குறிக்கும் சினிஸ்டர். வலதுகை கெட்டிக்காரத்தனமாகி டெக்ஸ்டெரிட்டி ஆயிற்று. இடதுகை தீமையாகி இன்றைய சினிஸ்டர் ஆயிற்று. பிரெஞ்சிலும் இதே கதை: வலது வழியாக அட்ராய்ட், சாமர்த்தியம், இடது வழியாக கோஷ், நயமின்மை.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். சோத்துக்கை, பீச்சாங்கை என்று கைகளுக்குப் பெயர் வைத்த ஊரில் வளர்ந்தவனுக்கு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? தமிழில் 'வலம்' என்பதற்கே வெற்றி என்றும் வலிமை என்றும் பொருள் உண்டே. ஐந்தாறு சொற்கள் ஒரு மாலையில் உள்ளே போயின. இன்றுவரை வெளியே வரவில்லை.

வேர்வழியின் பலம் இன்னொரு இடத்திலும் தெரியும். ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் சொல்லை அது எடுத்துக் காட்டுகிறது. கைனகாலஜிஸ்ட் என்ற போர்டு இல்லாத பேருந்துநிலையம் இல்லை. போர்டைப் பார்த்தே படித்த சொல். அதிலுள்ள பெண்தான் மிஸாஜினிஸ்டிலும் இருக்கிறாள், பெண்ணை வெறுப்பவனாக. பைகமி வழக்கு என்று நாளிதழில் வருவதிலுள்ள திருமணந்தான் மிஸாகமிஸ்டில், திருமணத்தை வெறுப்பவனாக. ஆனால் லூயிஸ் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் புகட்டுவதால், தேர்வறையில் எது பெண், எது கல்யாணம் என்று குழம்பியவர்களை நான் அறிவேன். பட்டியலின் நோய் வேருக்கும் கொஞ்சம் உண்டு.

அதைவிடப் பெரிய நோய், வேர் தரும் அசட்டுத் துணிச்சல். 'பெட்' என்றால் பாதம், பெடஸ்ட்ரியன் நடப்பவன்; சரி. பீடியாட்ரிஷியனையும் பாத வைத்தியர் ஆக்கிவிட்டால்? அது கிரேக்கக் குழந்தை, வேறு வேர். நாய்சம் என்ற சொல்லில் சத்தமே இல்லை, நாற்றந்தான் இருக்கிறது. 'அன்னாய்' என்ற சொல்லின் உறவு அது. ரெஸ்டிவ் என்றால் இளைப்பாறுபவன் போலத் தோன்றும். உண்மையில் நகர மறுத்து முரண்டுபிடித்த குதிரை, இன்று பொறுமையிழந்து தவிப்பவன். எக்ரீஜியஸ் வேரில் 'மந்தையிலிருந்து தனித்து நின்றது'. ஒருகாலத்தில் பாராட்டு, இப்போது படுமோசம். வேர் சொல்லின் பிறந்த ஊரைச் சொல்லும், இன்று குடியிருக்கும் முகவரியைச் சொல்லாது. பட்டியல் முகவரியை மட்டும் சொல்லும், அதையும் அரைகுறையாக.

பட்டியலை ஒரேயடியாகத் திட்டவும் மனமில்லை. நிகண்டுகளை உருப்போட்டு வளர்ந்த பாரம்பரியம் நம்முடையது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு அன்றைய திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம். அதுவும் பட்டியல்தானே? ஆனால் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வழி அடுக்கிய பட்டியல், விருத்தத்தில் பாடியது. பல பொருள் தரும் சொற்களைத் தொகுத்த இடத்தில்கூட எதுகைதான் வரிசை. காது நினைவுக்குக் கை கொடுத்தது. பாரன்ஸ் பட்டியலுக்கு ராகமும் இல்லை, உறவும் இல்லை. அதனால்தான் அதற்குச் சொல் எழுதிய அட்டை வேண்டியிருக்கிறது. மறக்கப் போகும் நேரம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் காட்டும் ஆங்கி போன்ற செயலி வேண்டியிருக்கிறது. அப்படிப் படித்தால் பட்டியலும் நிற்கும். 'சி'யோடு நிற்காமல் 'இஸட்' வரை போகவும் முடியும். லூயிஸ் தொடாத சொற்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்.

எந்தத் தேர்வுக்குப் போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்எஸ்சி போன்ற அரசு வேலைத் தேர்வுகளில் 'மனித குலத்தையே வெறுப்பவர்' என்று கொடுத்து ஒரு சொல் கேட்பார்கள். லூயிஸ் படித்தவனுக்கு அது பொங்கல் சீர். ஜிஆர்இ-யில் 2011 ஆகஸ்ட் வரை ஒரு சொல்லைத் தனியே நிறுத்தி எதிர்ச்சொல் கேட்டார்கள்; பட்டியலின் பொற்காலம் அது. அதன்பின் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு, வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள். அபேட் என்றால் 'தணி' என்று தெரிந்தால் போதாது. புயல் அபேட் ஆகும், காய்ச்சல் அபேட் ஆகலாம், ஆனால் விலைவாசியை எந்த வாக்கியத்தில் அப்படிச் சொல்வார்கள் என்பது அந்த மொழியில் நிறைய வாசித்தவனுக்கே பிடிபடும். இந்த இடத்தில் இரண்டு புத்தகங்களும் கையை விரிக்கின்றன.

அந்தக் கடையில் ஒருமுறை வாங்கிய பாரன்ஸ் பிரதி என்னிடம் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக 'பி' எழுத்துவரை கோடு போயிருந்தது, உழைப்பாளி. பரையா என்ற சொல்லுக்கு நேரே அச்சில் 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கில விளக்கம். பறை என்னும் தோற்கருவியோடு சேர்ந்த ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர் போர்த்துகீசியர் வாய்வழி ஐரோப்பாவுக்குப் போய், ஒதுக்கப்பட்ட எவருக்குமான வசையாக மாறிய சொல் அது. வேர் தேட லத்தீன் அகராதி வேண்டாம். மற்றச் சொற்களுக்கெல்லாம் ஓரத்தில் தமிழ்ப் பொருள் எழுதிவந்த அந்த மாணவர், இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் எழுதவில்லை. அடிக்கோட்டை இரண்டு முறை அழுத்தி இழுத்திருந்தார். பென்சில் முனை உடைந்த தடம் அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.