செதுக்கிய மண் சொல்லும் கதை

சாஆ என்றதும் ரப்பரும் செம்பனையும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த மரங்களுக்கு அடியில் கிடக்கும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் தாத்தா பாட்டிகளின் வியர்வையும் கலந்திருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் 'சுத்தக் களையெடுப்பு' சட்டம் போலவே நடந்தது. ரப்பர் கன்றுகளுக்கு இடையே ஒரு புல்கூடத் தலைகாட்டக் கூடாது. அதுவே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்பது துரைமாரின் எண்ணம். பல தோட்டங்களில் மண்வெட்டி பிடித்துச் செதுக்கியவர்கள் நம்மவர்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீபகற்பம் இது. மூடாக்கு இல்லாத மேல்மண் ஆற்றோடு போனது; கூடவே கரிமமும் போனது.

இலையும் வேரும் மக்கி மண்ணில் தங்குவதே மட்கு. அதில் ஏறக்குறைய பாதி கரிமம். சிகாமட் வட்டாரச் செம்மண் பார்க்க வளமாகத் தெரியும்; ஆனால் அந்தக் களிமண் உரச்சத்தைத் தானாக அதிகம் பிடித்து வைக்காது. பிடித்து வைப்பது பெரும்பாலும் மட்குதான். அது குறைந்தால், போட்ட உரமும் மழையோடு போய்விடும்.

1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் ஹெய்ன்ஸ், 1930களில் இந்தப் பழக்கத்தை எதிர்த்தார். கீழ்ச்செடிகள் எல்லாமே பகையல்ல என்றார். லாலாங்கை மட்டும் ஒழித்து, மற்றவற்றைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்பது அவர் வாதம். பிறகு புவேரேரியா போன்ற அவரை இனக் கொடிகள் தோட்டங்களில் பரவலாயின. அவை மண்ணை மூடும், காற்றிலுள்ள தழைச்சத்தையும் சேர்க்கும். எத்தனை முதுகுகள் வளைந்த பின் வந்த அறிவு!

மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தும் வழக்கம் மட்டும் நீடித்தது. மண்ணுக்குப் போக வேண்டிய கரிமம் புகையானது. கோல்டன் ஹோப் நிறுவனம் மரங்களைச் சீவி வயலிலேயே மக்கவிடும் முறையைக் கொண்டுவந்தது. அதற்காக 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது.

உலக மண்ணில், மேல் ஒரு மீட்டருக்குள் மட்டும், காற்று மண்டலத்தில் உள்ளதைவிட அதிகக் கரிமம் இருக்கிறது. அது வெளியேறினால் பூமி சூடேறும். 2015 பாரிஸ் மாநாட்டில் மண்கரிமத்தைப் பெருக்க ஒரு தனி முயற்சியே தொடங்கப்பட்டது.

இன்று செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய மட்டைகளை அடுக்கி வைக்கிறார்கள். ஆலையிலிருந்து வெறுங்குலைகளையும் கொண்டுவந்து பரப்புகிறார்கள். சிலருக்கு அது குப்பையாகத் தெரியலாம். அந்த அடுக்கைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்: கீழே மண் கறுத்து, ஈரமாக, மண்புழுவோடு இருக்கும்.